தீனியும் தண்ணீரும்

என் அம்மாவைப் பெற்ற அப்புச்சி பவுண்டுக்காரர். ராசிபுரத்திலிருந்து போதமலையைப் பார்த்துப் போகிற சாலையில் இருந்தது அவர் ஊர். பயிரில் மேய்ந்த மாடுகளைப் பிடித்து அடைக்கிற பஞ்சாயத்துப் பவுண்டை வருசா வருசம் ஏலத்தில் எடுத்து நடத்தினார். முழுப்பரீட்சை லீவு விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். வளர்ந்து கால்நடைத் துறையில் வேலைக்குச் சேர்ந்து, ஆய்வாளராக நாமக்கல், திருச்செங்கோடு, சேலம் என்று மாறி மாறிப் போய் ஓய்வும் பெற்றுவிட்டேன். பிடித்து அடைத்த மாடு, வேண்டாமென்று விட்டுப்போன கன்று, வண்டியில் ஏற்றிவந்த நாய் என்று இந்த ஜீவன்களின் பக்கத்திலேயே என் காலம் கழிந்திருக்கிறது. இப்போது சேலத்தில் குடியிருக்கிறேன். மாட்டைப் பிடி, நாயைப் பிடி என்ற பேச்சு தெருவெல்லாம் கேட்கிறது. பிடித்த பிறகு என்ன என்று கேட்பவர் குறைவு. அப்புச்சி வீட்டில் அந்தக் கேள்வி தினமும் இருந்தது.

பவுண்டு ஒன்றும் பெரிய இடமில்லை. நெஞ்சு உயரத்துக்குக் கருங்கல் கட்டு, ஒரே ஒரு படல், மூலையில் ஓட்டுச் சாய்ப்பு, நடுவில் வேம்பு, வேம்படியில் கல்தொட்டி. கடலைக்காட்டிலோ சோளக்காட்டிலோ மாடு வாய்வைத்துவிட்டால் காட்டுக்காரர் அதைப் பிடித்து ஒரு நாளைக்குள் இங்கே கொண்டுவந்து விடவேண்டும். தன் கட்டுத்தறியில் கட்டி வைத்துக்கொள்ளக் கூடாது. மலையடிவாரத்து ரிசர்வுக்குள் மேய்ந்த வெள்ளாடுகளைக் காட்டிலாகா கார்டுகளும் ஓட்டிவருவார்கள். சொந்தக்காரர் வந்து அபராதத்தையும் தீனிக்காசையும் கட்டினால் ஓட்டிக்கொண்டு போகலாம்.

படலுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பலகை அடித்திருந்தது. எந்த உருப்படிக்கு எவ்வளவு அபராதம், நாளொன்றுக்குத் தீனிக்கும் தண்ணிக்கும் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அப்படி எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டவேண்டும் என்பது 1871-ஆம் வருசத்துக் கால்நடை அத்துமீறல் சட்டத்தில் உள்ளது. வெள்ளைக்காரர் காலத்துப் பட்டியலை அப்புச்சி மனப்பாடமாகச் சொல்வார். யானைக்கு 2 ரூபாய், ஒட்டகத்துக்கும் எருமைக்கும் 8 அணா, குதிரைக்கும் மாட்டுக்கும் 4 அணா, கன்றுக்கும் கழுதைக்கும் பன்றிக்கும் 2 அணா, ஆட்டுக்கும் குட்டிக்கும் 1 அணா. நான் பார்த்த காலத்தில் அணா போய்விட்டது, அபராதமும் ஏறியிருந்தது. யானை மட்டும் பலகையின் முதல் வரியில் அப்படியே இருந்தது. என்றைக்காவது ஒரு யானை வந்து அடையும் என்று நாங்கள் பிள்ளைகள் உண்மையாகவே காத்திருந்தோம்.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அபராதப் பட்டியல் இல்லை. உருப்படி பவுண்டுக்குள் வந்ததிலிருந்து வெளியே போகிறவரை அதைப் பொறுப்பில் எடுத்து, தீனி போட்டு, தண்ணி காட்டவேண்டியது பவுண்டுக்காரரின் கடமை என்று அது நேராகச் சொல்கிறது. குற்றம் செய்த மாடு, அடுத்தவன் வெள்ளாமையை அழித்த மாடு என்ற பேச்செல்லாம் படலுக்கு வெளியே. உள்ளே வந்துவிட்டால் அது பசித்த ஜீவன். அப்புச்சி சட்டப் புத்தகத்தைப் படித்தவரில்லை. ஆனால் இந்த ஒரு பிரிவை எழுத்துப் பிசகாமல் வாழ்ந்தார்.

மாட்டைப் பிடித்து வருகிறவர் கோபத்தோடுதான் வருவார். "ஏனுங்க மாமா, ரெண்டு பாத்தி கடலையைத் தின்னுபோட்டு நிக்குது, எழுதுங்க" என்று கத்துவார். அப்புச்சி நோட்டை எடுக்கமாட்டார். "என்ன மேஞ்சுச்சு? எந்நேரம் மேஞ்சுச்சு?" இதுதான் அவர் முதல் கேள்வி. கடலைக்கொடி என்றால் வயிறு ஊதுகிறதா என்று இடது விலாவைத் தட்டிப் பார்ப்பார். இளஞ்சோளம் என்றாலோ குச்சிக்கிழங்குத் தழை என்றாலோ முகம் மாறிவிடும். கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார், வாயோரம் நுரை தள்ளுகிறதா என்று பார்ப்பார். மழையில்லாமல் வாடி நின்ற சோளப் பயிரிலும் குச்சிக்கிழங்குத் தழையிலும் சயனைடு விஷம் ஏறியிருக்கும், அரைமணி நேரத்தில் மாட்டைச் சாய்த்துவிடும் என்பதெல்லாம் துறைக்கு வந்த பிறகு நான் பாடமாகப் படித்தது. தயோசல்பேட் மருந்தை நரம்பில் ஏற்றிச் சில உருப்படிகளைப் பிழைக்கவும் வைத்திருக்கிறோம். அப்புச்சியிடம் மருந்து கிடையாது. அந்த இமையைப் பார்க்கிற கண் இருந்தது.

அதெல்லாம் முடிந்த பிறகுதான் நோட்டு. வந்த தேதி, வந்த நேரம், பிடித்தவர் பேர், சொந்தக்காரர் தெரிந்தால் அவர் பேர். அதற்குமேல் உருப்படியின் அடையாளம். மயிலைப் பசு, வலது கொம்பு முனை முறிவு, இடக்காது ஓட்டை, முதுகில் ஒரு சுழி என்று எழுதுவார். நூறு மாட்டுக்குள்ளே விட்டாலும் அந்த ஒரு மாட்டைத் தேடி எடுத்துவிடலாம் என்கிற மாதிரி இருக்கும் எழுத்து. பிடித்தவருக்கு அதில் ஒரு நகல் கிழித்துக் கொடுப்பார்.

பால் மாடு வந்தால் அது அப்புச்சியின் மனைவி, என் அம்மாயியின் பொறுப்பு. மசங்குகிற நேரத்தில் ஒரு செவலைப் பசு வந்தது நன்றாக நினைவிருக்கிறது. மடி கட்டிப்போய், நடக்க நடக்கக் காம்பிலிருந்து பால் சொட்டியது. அம்மாயி உள்ளே போய் மடியைத் தொட்டுப் பார்த்தாள். கல்லாக இருந்தது. "கன்னு ஊட்டுல கத்திக்கிட்டுக் கெடக்கும். ஓடிப் போயி ஓட்டியாங்கடா கண்ணு" என்று என்னையும் மாமா பையனையும் பக்கத்து ஊருக்கு விரட்டினாள். இருட்டில் கன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நாங்கள் வருவதற்குள் பசு படலோரம் வந்து நின்றுகொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தியது. கன்றை ஊட்டவிட்டு, மீதியைக் கறந்து காய்ச்சாமல் மூடி வைத்தாள். விடிந்ததும் மாட்டுக்காரம்மா வந்தாள். கணவனை இழந்தவள், அந்த ஒரு மாடுதான் பிழைப்பு. முந்தானை முடிச்சில் சில்லறை. அபராதத்தைக் கட்டிவிட்டுத் தலைகுனிந்து நின்றவளிடம் அம்மாயி பால் சொம்பை நீட்டினாள். "உன்ற மாட்டுப் பாலுதான் சாமி, எடுத்துக்கிட்டுப் போ. பவுண்டு மாட்டுப் பாலு எங்க ஊட்டு அடுப்புல ஏறப்படாது." பிற்பாடு எத்தனையோ கொட்டகைகளில் ஆய்வுக்குப் போயிருக்கிறேன். கறந்த பால் எங்கே போகிறது என்று கேட்டால் பதில் வராத இடங்களில் அந்தச் சொம்புதான் ஞாபகத்துக்கு வரும்.

எழுபதுகளில் மழை பொய்த்த ஒரு வருசம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. கிணறுகள் வற்றி, சோளத்தட்டுப்போர் வைத்திருந்தவர்கள் அதற்குக் காவல் காக்கிற நிலைமை. மேய வெள்ளாமையே இல்லாத வருசத்தில் பவுண்டு மட்டும் நிறைந்துகொண்டே வந்தது. ராத்திரியில் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். தெரு வழியாக வருகிற உருப்படியை யாராவது பிடித்து வந்து அடைத்தார்கள். சொந்தக்காரர் எட்டிப் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் பொழுது விடிவதற்கு முன்னால் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "மாமா, நான்தான் அவுத்து வுட்டேனுங்க. எம்பேரை எழுதிப்போடாதீங்க. இங்க இருந்தா ஒரு வாய் தண்ணியாவது குடிக்கும்" என்றார். அப்புச்சி நோட்டில் சொந்தக்காரர் பேருக்கு நேராகக் கோடு போட்டுவிட்டார். அவர் விட்டுவைத்த ஒரே காலி இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சட்டத்தில் தீனிக்காசு என்பது சொந்தக்காரர் கட்டவேண்டியது. சொந்தக்காரரே வராதபோது யார் கட்டுவது? தினமும் அப்புச்சி எதையாவது கொண்டுவந்து போட்டார். சேகோ மில்லிலிருந்து திப்பி, எங்கோ பச்சையாக நின்ற கரும்புத் தோகை, வேலங்காய், ஆலந்தழை. கடைசியில் எங்கள் சொந்தத் தட்டுப்போரிலேயே கைவைத்தார். வீட்டு எருதுகளுக்கு வைத்திருந்தது அது. அம்மாயி எதுவும் சொல்லவில்லை. என் மாமா சண்டை போட்டார். அந்த வருசம் ஏலத்தில் கட்டிய பணம்கூட அப்புச்சிக்குத் திரும்பவில்லை.

ஏழு நாள் வரை யாரும் வராவிட்டால் போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதவேண்டும். அங்கே நோட்டீஸ் ஒட்டுவார்கள். உருப்படியைப் பிடித்த இடத்துக்குப் பக்கத்து ஊரிலும் சந்தையிலும் தமுக்கு அடிக்கவேண்டும். அதற்குப் பிறகும் ஏழு நாள் யாரும் வராவிட்டால் பகிரங்க ஏலம். அந்த வருசத்து ஏலத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் புதன்சந்தையில் கேரளாவுக்கு மாடு பிடித்துக் கொடுக்கிற தரகர்கள். காரி எருது ஒன்று, ஆலம்பாடி ரத்தம் ஓடுகிற உடம்பு, எலும்பு தெரிந்தாலும் நடையில் கம்பீரம் குறையாதது. அம்மாயி கை நீட்டினால் நாக்கால் நக்கும். அதை நாமே எடுத்துக்கொள்வோம் என்று அவள் கேட்டாள். பவுண்டுக்காரர் ஏலத்தில் எடுக்கக் கூடாது, நேராகவும் கூடாது, இன்னொருத்தர் பேரிலும் கூடாது. அதுவும் சட்டத்தில் இருக்கிறது. மாமா பேரில் எடுக்கலாமே என்று யாரோ சொன்னதற்கு அப்புச்சி, "பவுண்டுக்காரன் ஏலத்துல கை தூக்குனா நாளைக்கு எவன் மாடு இங்க பத்திரமா இருக்கும்?" என்றார். காரி தரகரோடு போனது. அம்மாயி அன்றைக்கு வாசலுக்கு வரவில்லை. அப்புச்சி செய்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். அன்றைக்கு நான் அழுததும் சரிதான்.

அதற்குப் பிறகு ஊர்ப் பவுண்டுகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. எருதுகளின் இடத்துக்கு டிராக்டர் வந்தது, மேய்ச்சல் நிலம் மனைப்பிரிவானது, சினை ஊசிக்குப் பிறந்த கலப்பின மாடுகள் கட்டுத்தறியைவிட்டு நகராமல் தீனி தின்றன. எங்கள் ஊர்ப் பவுண்டு இருந்த இடத்தில் தண்ணீர்த்தொட்டி கட்டியாகிவிட்டது.

அவிழ்த்துவிட்ட மாட்டுப் பிரச்சினை டவுனுக்குக் குடிவந்தது. சேலத்தில் லீ பஜார் பக்கமும் ஆற்றோரக் காய்கறிக் கடைகள் பக்கமும் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். பால் கறந்து முடித்ததும் அவிழ்த்துவிட்ட மாடுகள் அழுகின தக்காளியும் முட்டைக்கோஸ் தோலும் தேடி வரும். கூடவே பாலிதீன் பையும் உள்ளே போகும். ஒருமுறை இரைப்பையைத் திறந்து டாக்டர் எடுத்ததை வாளியில் வாங்கி வைத்தவன் நான். பைகள், கயிறு, ஒரு செருப்பு வார், எல்லாம் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கல் மாதிரி இறுகியிருந்தது. அந்தப் பசு சினையாக இருந்தது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு மாநிலம் முழுக்கத் தடை. மாடுகளின் வயிற்றுக்குள் அந்தத் தடை இன்னும் போய்ச்சேரவில்லை.

இந்த மாடுகளை வைத்திருப்பவர்களைத் திட்டுவது சுலபம். அம்மாப்பேட்டைச் சந்து ஒன்றில் தறிக்கொட்டகைக்குப் பின்னால் இரண்டு மாடு வைத்திருந்த ஒரு அம்மாவைப் பல வருசம் தெரியும். மாட்டைத் திருப்பிக் கட்ட இடமில்லாத சந்து. பசுந்தீவனம் விலைக்கு வாங்கினால் பால்காசில் பாதி அதற்கே போகும். மாடு ரோட்டில் நின்றால் ஆபத்து என்பது அவளுக்கும் தெரியும். பிடித்துக்கொண்டுபோன மாட்டை மீட்க அவள் தோட்டை அடகு வைத்தாள். சென்னையில் 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளிச் சிறுமியை மாடு முட்டித் தூக்கிய காட்சியைப் பார்த்த யாரும், மாடு ரோட்டில் நிற்கட்டும் என்று சொல்லமாட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே அபராதம் 5,000 ரூபாய் ஆகி, அடுத்து 10,000 ரூபாயும் ஆனது. புதுப்பேட்டையிலும் பெரம்பூரிலும் அங்கே அடைத்துவைக்கிற தொழுவங்களாவது இருக்கின்றன. அபராதத்தை மட்டும் சென்னைக்குச் சமமாக ஏற்ற நினைக்கிற ஊர்கள், பிடித்த மாட்டை எங்கே கட்டுவோம் என்பதை முதலில் தீர்மானிக்கவேண்டும். ஒரு கட்டத்துக்குமேல் அபராதம் மாட்டின் விலையைத் தொட்டுவிட்டால், கிழட்டு மாட்டையோ கறவை வற்றிய மாட்டையோ மீட்க யாரும் வரமாட்டார்கள். அப்போது அது அடைபட்ட மாடு இல்லை, கைவிட்ட மாடு. எழுபதுகளில் எங்கள் பவுண்டில் நடந்ததுதான் அது, பஞ்சமே இல்லாமல்.

காளைக்கன்றுகளின் கதை இதைவிட மோசம். உழவுக்கும் வண்டிக்கும் வேண்டாத கலப்பினக் காளைக்கன்றுக்குப் பண்ணையில் இடமில்லை. ஒரு காலையில் மாட்டாஸ்பத்திரி கேட்டைத் திறக்கப் போனபோது கம்பியில் ஒரு கன்று கட்டியிருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, தொப்புள்கொடி காயாமல், முழங்கால் மடங்க மடங்க எழுந்து நின்றது. என் விரலைக் காம்பென்று நினைத்துச் சப்பியது. சீம்பால் குடித்ததற்கான அடையாளமே இல்லை. சீம்பால் குடிக்காத கன்றை மருந்தால் காப்பாற்றுவது பெரும்பாடு. ஈன்று சில மணி நேரமான ஒரு மாட்டைத் தேடி உதவியாளர் சைக்கிளில் போய் ஒரு போத்தல் வாங்கி வந்தார். கன்று பிழைத்தது. பிழைத்த கன்றை என்ன செய்வது என்று கேட்டால் பதில் சொல்ல யாரும் இல்லை. கோசாலைகளில் இடமில்லை. அனுப்பி வைக்கச் சொல்லி ஒரு முகவரிகூட எங்களிடம் கொடுத்திருக்கவில்லை. கடைசியில் பெத்தநாயக்கன்பாளையத்துப் பக்கம் ஒரு விவசாயி எடுத்துக்கொண்டார். எல்லாக் கன்றுக்கும் அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. பெரும்பாலும் கிடேரியே பிறக்கும்படி விந்தைப் பிரித்தெடுத்துப் போடுகிற சினை ஊசி இப்போது வந்திருக்கிறது. அது பரவினால் இந்தக் கொடுமை குறையும் என்று நம்புகிறேன்.

வளர்ப்புப் பிராணியை விட்டுவிட்டுப் போவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல்முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. டீக்கடையில் இரண்டு பேர் டீயும் போண்டாவும் சாப்பிட்டால் வருகிற காசு. மீட்க வருபவருக்கு ஆயிரக்கணக்கில், கைவிட்டுப் போகிறவருக்கு ஐம்பது ரூபாய் என்றால், எந்தப் பக்கம் போகும்படி ஊர் தன் மக்களைத் தள்ளுகிறது?

யானையைப் பற்றிச் சொன்னேன். சேலம் சுகவனேஸ்வரர் கோயில் யானை ராஜேஸ்வரி காலில் கோளாறாகி, கோரிமேட்டுக்குக் கொண்டுபோன இடத்தில் படுத்தது, எழவில்லை. உடம்பெல்லாம் படுக்கைப் புண். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், மருத்துவர்கள் பார்த்து முடியாது என்றால் கருணைக்கொலை செய்யலாம் என்று உத்தரவும் வந்தது. 2018 ஏப்ரல் 21 அன்று தானாகவே உயிர்விட்டது. அந்த நாட்களில் கூட்டத்தோடு கூட்டமாக நானும் போய் வெளியே நின்றேன். இவ்வளவு பேர் கும்பிட்ட ஒரு ஜீவனுக்கு, நோய் வந்தால் கிடக்க மெத்தென்ற மண்ணும் இறங்கி நிற்கக் குளமும் முன்கூட்டியே யாரும் தயார் செய்திருக்கவில்லை.

நாய்களைப் பற்றி எழுதும்போது என் கை தயங்கும். என் இளவயதில் ஒரு நகராட்சியின் நாய்வண்டியைப் பார்த்திருக்கிறேன். கம்பிக் கண்ணியில் கழுத்தை இறுக்கித் தூக்கி உள்ளே எறிவார்கள். அந்த வண்டிக்குள் போன நாய் திரும்பி வந்ததில்லை. வருசா வருசம் கொன்றார்கள், நாய் குறையவில்லை. கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யலாம் என்று 1960-களிலிருந்தே சொல்லிவந்தது சென்னையின் ப்ளூ கிராஸ் பிராணி நல அமைப்பு. சென்னை மாநகராட்சி அதற்கு இணங்கியது 1996-இல். 2001-இல் அது நாடு முழுமைக்கும் விதியானது. 2023-இல் விதிகளைப் புதுப்பித்து, பொறுப்பு உள்ளாட்சி அமைப்புகளுடையது என்று தெளிவாக எழுதினார்கள்.

பணியில் இருந்தபோது கருத்தடை வண்டியோடு சில காலம் போயிருக்கிறேன். பிடிப்பதில் கைதேர்ந்த ஆட்கள் வலையை வீசுகிற வேகம் கண்ணுக்குத் தெரியாது. பிடித்ததும் கழுத்தில் எண் கட்டி, எந்தத் தெரு, எந்தக் கம்பத்துக்குப் பக்கம் என்று நோட்டில் எழுதவேண்டும். அறுவை முடித்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, காதில் சிறு வெட்டு அடையாளம் வைத்து, புண் ஆறும்வரை சில நாள் கூண்டில் வைத்துத் தீனி போட்டு, அதே கம்பத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடவேண்டும். ஏன் அதே இடம்? அந்தத் தெருவின் நாய் போய்விட்டால் ஊசி போடாத வேறு நாய் அங்கே வந்து குட்டி போடும். இதைத் தெருக்காரர்களிடம் எத்தனை முறை விளக்கியிருப்பேன்! "சார், எங்கயாவது ஏரிப் பக்கம் இறக்கிவுட்டுட்டுப் போயிடுங்க சார்" என்பார்கள். ஏரிப் பக்கத்திலும் மனிதர்கள் இருக்கிறார்கள். நகரத்திலிருந்து இரவோடு இரவாகக் கொண்டுவந்து இறக்கிவிடும் நாய்கள் பசியில் கூட்டம் சேர்ந்து பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுவதைக் கொங்குப் பக்கத்து விவசாயிகள் இந்தச் சில வருசங்களில் ரத்தமும் சதையுமாகப் பார்த்துவிட்டார்கள். செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு மறியல் செய்தார்கள். 2025-இல் அரசு இழப்பீடு அறிவித்தது. நகரம் தன் கணக்கிலிருந்து கழித்ததைக் கிராமம் தன் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று.

வீட்டு நாய்களையும் இப்படித்தான் விடுகிறார்கள். கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் நடைபயிற்சிக்குப் போகும்போது ஒரு லாப்ரடாரைப் பார்த்தேன். கழுத்தில் பட்டை இருந்த இடத்தில் முடி தேய்ந்து வளையமாக இருந்தது. நகம் ஒழுங்காக வெட்டியிருந்தது. பின்னங்கால்களைத் தூக்கி வைக்க முடியாமல் இழுத்தது. பன்னை வாங்கித் தரையில் போட்டேன், முகர்ந்துவிட்டு நின்றது. பழைய தட்டு ஒன்றைக் கடையில் கேட்டு வாங்கி அதில் வைத்தேன், உடனே தின்றது. தட்டில் மட்டுமே தின்னப் பழகிய கிழ நாயை யாரோ காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். தெருநாய்கள் அதைத் தங்கள் எல்லைக்குள் விடாது. ஒரு நண்பர் வீட்டுத் தோட்டத்தில் இடம் கிடைத்தது, சில மாதம் இருந்து செத்தது.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தில்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி, அதே மாதத்தில் அதைத் திருத்தி, கருத்தடை செய்து ஊசியும் போட்டு அதே இடத்தில் விடலாம், வெறிபிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றது. நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடக் கூடாது, நெடுஞ்சாலைகளில் திரியும் மாடுகளை அகற்றிக் காப்பிடங்களில் வைக்கவேண்டும் என்றும் உத்தரவிட்டது. சேலத்திலிருந்து மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் வழியாக நாமக்கல் போகிற சாலையில் விடிகாலையில் லாரியடிபட்டுக் கிடக்கும் மாடுகளைப் பார்த்தவன் என்ற முறையில் அந்த உத்தரவின் நோக்கத்தை ஏற்கிறேன். குழந்தைகள் நாய்க்கடிபட்டு வரிசையில் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் உத்தரவு தீனி போடாது. வளர்ந்த கறவை மாடு ஒன்றுக்கு நாளைக்குச் சுமார் 25 கிலோ பசுந்தீவனமும் 5 கிலோ காய்ந்த தீவனமும் வேண்டும், கோடையில் 60 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீரும் வேண்டும். இருபது மாடு அடைத்தால் தினமும் அரை டன் பச்சைத் தீவனம், 1,200 லிட்டர் தண்ணீர். சாணியை அள்ள ஆள், காய்ச்சல் வந்ததைப் பிரித்துக் கட்ட இடம், ராத்திரி காவல். நாய்க்கூண்டு என்றால் ஒன்றுக்கொன்று கடித்துக்கொள்ளாத தடுப்பு, ஒரு நாய்க்கு நோய் வந்தால் மற்றதுக்குப் பரவாத ஏற்பாடு. இவை எல்லாம் தயாரான பிறகுதான் வலையும் கயிறும் வண்டியும் கிளம்பவேண்டும். தயாராகாத இடத்தில் பிடித்துக்கொண்டு வந்து அடைப்பது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சாகவிடுவதுதான்.

மாடு வைத்திருப்பவர்களுக்கும் நாய் வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முடியாமல் போனால் ராத்திரியில் கயிற்றை அவிழ்க்காதீர்கள், ஏரிக்கரையில் காரை நிறுத்தாதீர்கள். பக்கத்து மாட்டாஸ்பத்திரிக்குப் போய், வளர்க்க முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள், எடுத்து வளர்க்கிற ஆட்களை அவர்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம்.

மற்ற எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது இது. உங்கள் வார்டில் பகுதி சபை கூடும்போது போங்கள். எத்தனை மாடு பிடித்தீர்கள், எத்தனை நாய் பிடித்தீர்கள் என்று கேட்கிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். நீங்கள் எழுந்து நின்று, பிடித்தவற்றின் தீனிக்கு இந்த வருசம் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள், அதில் எவ்வளவு செலவாகியிருக்கிறது, அந்தக் கணக்கை எந்த வாசலில் ஒட்டியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.